நிலோஃபர் எழுதிய மூன்றாம் அத்தியாயம்

கோவையில் அவிநாசி சாலையை ஒட்டிய ஒரு பெரிய மருத்துவமனையில் நிலோஃபர் வேலை பார்க்கிறாள். அறைக் கதவில் 'உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருக்கும். அப்படியென்றால் என்ன வேலை என்று கல்யாண வீட்டில் யாராவது கேட்டால், "மூளைச்சாவு ஆயிடுச்சுன்னு டாக்டருங்க சொன்ன பிறகு, அந்த வீட்டாளுங்ககூட உக்காந்து பேசற வேலைங்க" என்பாள். கேட்டவர் அடுத்த கேள்வி கேட்டதாகச் சரித்திரம் இல்லை. பந்திக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விடுவார்.

அவள் பிறந்தது கோட்டைமேட்டில். அத்தா அப்துல் ரசாக்குக்கு அங்கேயே, உக்கடம் போகிற வழியில் இரும்புச் சாமான் கடை. தாழ்ப்பாள், கீல், ஆணி, வாளி எல்லாம் கிடைக்கும். நர்சிங் படிக்கப் போகிறேன் என்று மகள் சொன்னபோது சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ரசாக் மட்டும் கடையிலேயே நல்ல பூட்டாக ஒன்றை எடுத்து, "ஹாஸ்டல் பொட்டிக்குப் போட்டுக்க கண்ணு" என்று கையில் கொடுத்து அனுப்பினார். படித்து முடித்துப் பன்னிரண்டு வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்றாள். மற்ற நர்சுகள் நரம்பு கிடைக்காமல் தடவிக்கொண்டிருக்கிற நோயாளிக்கு அவள் போனால் ஒரே குத்தில் ஊசி ஏறும். கல்யாணமாகி அதே ஊரில் கணபதி என்கிற பகுதிக்கு வந்தாள். கணவன் ஆசிப் அங்கே பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைகிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறான்.

ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு மாறியபோது அவளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். குடும்பத்தாரிடம் எப்படி உட்கார வேண்டும், தண்ணீர் எப்போது நீட்ட வேண்டும், எந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். முக்கியமான வாக்கியம் ஒன்றுண்டு. 'மருத்துவப்படி அவர் இறந்துவிட்டார்.' அதைத் தடுமாறாமல், கண்ணைப் பார்த்து, ஒரே தடவை சொல்ல வேண்டும். நிலோஃபர் நன்றாகச் சொல்வாள். இரண்டு வருஷம் அந்த வாக்கியம் அவளைக் கைவிடவில்லை.

2017 ஜூன் மாதத்தில் வெள்ளகோவில் பக்கமிருந்து தம்பிதுரை என்ற விவசாயி தன் மனைவி புவனாவைக் கொண்டுவந்தார். முப்பத்தொன்பது வயது. முருங்கைக்காய் கட்டு கட்டிக்கொண்டிருந்தவள் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறாள், அப்படியே சாய்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. மூன்றாம் நாள் டாக்டர்கள் நாலு பேர் சேர்ந்து, ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு, இரண்டு தடவை சோதித்தார்கள். மூளைச்சாவு என்று கையெழுத்தானது. காலை பத்து மணிக்கு நிலோஃபர் தம்பிதுரையைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, அந்த வாக்கியத்தைச் சொன்னாள்.

"மருத்துவப்படிங்களா?" என்றார் தம்பிதுரை.

"ஆமாங்க."

"அப்ப மத்தபடி?"

அவர் குரலில் கேலி இல்லை, கோபமும் இல்லை. வழி தெரியாதவன் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"இப்பத்தானுங்க உள்ள போயி கையப் புடிச்சுப் பாத்துட்டு வாரேன். சூடா இருக்குது. நெஞ்சு ஏறி எறங்குது. நகத்துக்குள்ள காட்டு மண்ணு அப்படியே இருக்குதுங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லலீங்க. படிச்சவங்க நாலு பேரு பாத்துத்தான் சொல்றாங்க. நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க. எம்புவனா இருக்கறாளுங்களா, இல்லீங்களா?"

மூச்சு விடுவது இயந்திரம்தான் என்று நிலோஃபர் விளக்கினாள். மூளைத்தண்டு நின்றுவிட்டால் திரும்பாது என்றாள். வெண்டிலேட்டரை எடுத்தால் மூச்சு வராது என்பதை எப்படிச் சோதித்தார்கள் என்றுகூடச் சொன்னாள். தம்பிதுரை எல்லாவற்றையும் கேட்டார்.

"மிசினு என்ன பண்ணுது, மூளை என்ன பண்ணலைங்கறதெல்லாம் சொல்றீங்க. அவளப் பத்திக் கேட்டாத்தான் சொல்ல மாட்டீங்கறீங்க."

உறுப்பு தானத்துக்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அவ இல்லைன்னா குடுக்க எனக்கு மனசு உண்டுங்க. இருந்தான்னா, அவளக் கேக்காம நான் எப்படிங்க எடுத்துக் குடுக்கறது?" என்றார். அதற்கு மேல் யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் புவனாவின் இதயம் தானாகவே நின்றது. உடலை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் தம்பிதுரை நிலோஃபரைத் தேடிக்கொண்டு வந்தார்.

"நீங்க சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்லீங்க அம்மணி. ஆனா பாதிதான் இருந்துச்சு. மீதி எங்கயாச்சும் இருந்தாக் கேட்டு வெச்சுக்கங்க. அடுத்து வாரவங்களுக்கு ஆகும்."

குடும்பம் மறுத்துவிட்டதால்தான் அவள் வாடிப்போனாள் என்று கூட வேலை செய்தவர்கள் நினைத்தார்கள். மறுப்பு அவளுக்குப் புதிதல்ல. பத்துக் குடும்பத்தில் ஐந்தாறு மறுக்கத்தான் செய்யும். அந்தக் கேள்வி நியாயமான கேள்வி, அதற்குத் தன்னிடம் பதில் இல்லை, இத்தனைக்கும் இதுதான் தன் வேலை. அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அத்தாவிடம் சொன்னாள். ரசாக் யோசித்துவிட்டு, "ரூஹு போயிருச்சா இருக்குதாங்கறது அல்லாவுக்குத் தெரிஞ்ச சங்கதி கண்ணு. நமக்கெதுக்கு?" என்றார். ரூஹு என்று அவர் சொன்னது ஆன்மாவை.

"அல்லாவுக்குத் தெரியும், அத்தா. ஆனா அந்த மனுசன் என்னையத்தானே கேட்டாரு."

ரசாக்குக்கு அது சரியென்று பட்டது. தலையை ஆட்டினார்.

அஞ்சல் வழியில் தத்துவம் எம்.ஏ. படிக்கலாம் என்ற விளம்பரத்தை அடுத்த மாதம் பார்த்தாள். ஆசிப்பிடம் பட்டறையில் வைத்துச் சொன்னாள். கடைசல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் காதில் விழவில்லை. நிறுத்திவிட்டு, "என்ன படிக்கறே?" என்றான்.

"தத்துவம்."

"படிச்சா ஆஸ்பத்திரில மேல் வேலை கெடைக்குமா?"

"கெடைக்காது."

"அப்பறம் எதுக்கு நிலோ?"

"ஒருத்தருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குங்க."

ஆசிப் கையில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தான். "செரி, சேந்துக்க. ஞாயித்துக்கெழமை வகுப்புன்னா நான் கொண்டுபோயி உடறேன்" என்றான். ஏழு வருஷம் ஆன பிறகும் அந்தப் பேச்சிலிருந்து அவன் மாறவில்லை.

கணபதியிலிருந்து மருத்துவமனைக்குப் போகிற பஸ்ஸில்தான் படிப்பு நடந்தது. முதல் வருஷம் சந்தோஷமாகப் போனது. உலகம் எதனால் ஆனது, ஒரு பொருள் மாறிக்கொண்டே இருந்தும் அதே பொருளாக இருப்பது எப்படி, ஆள் என்றால் யார் என்று இரண்டாயிரத்தைந்நூறு வருஷமாக மனிதர்கள் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இதற்கு மெய்ப்பொருளியல் என்று ஒரு பெயரே இருந்தது. தம்பிதுரை தனி ஆள் இல்லை என்று அவளுக்குத் தெம்பு வந்தது.

இரண்டாம் வருஷப் பாடப்புத்தகம் அந்தத் தெம்பைப் பறித்தது. போன நூற்றாண்டில் வந்த ஒரு கூட்டத்தார், எந்தக் கருவியாலும் எந்தச் சோதனையாலும் ஆம் இல்லை என்று காட்ட முடியாத பேச்சுக்குப் பொருளே கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். மெய்ப்பொருளியல் கேள்விகள் கேள்வி மாதிரி கேட்கும், ஆனால் கேள்வி அல்ல, வெறும் சத்தம். இருப்பதை அறிவியல் சொல்லும். தத்துவத்துக்கு மிச்சமிருப்பது சொற்களைச் சுத்தம் செய்கிற வேலை மட்டும். அதைப் படித்த அன்று லட்சுமி மில் நிறுத்தமும் போயிற்று, அவள் இறங்க வேண்டிய நிறுத்தமும் போயிற்று. கண்டக்டர் வந்து, "எங்கீங்க எறங்கோணும்?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தாள். பெண்டாட்டி கையைப் பிடித்துவிட்டு வந்து அந்த மனுஷன் கேட்டது வெறும் சத்தமா?

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுந்து கேட்டே விட்டாள். பாடம் எடுத்தவள் ராசாத்தாள். பெருந்துறைப் பக்கத்துப் பெண், துடியலூரைத் தாண்டிய ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். நிலோஃபரைவிட ஒன்பது வயது சின்னவள். அதனால் மாணவியை அவள் அக்கா என்பாள், மாணவி அவளை மேடம் என்பாள்.

"சோதிக்க முடியாத பேச்செல்லாம் வெத்துப் பேச்சுன்னு சொன்னாங்களே அக்கா, அந்தப் பேச்சை எந்தக் கருவில வெச்சுச் சோதிச்சாங்களாம்?" என்றாள் ராசாத்தாள்.

நிலோஃபர் சிரித்துவிட்டாள்.

"அப்ப மெய்ப்பொருளியல் செத்துப்போகலீங்களா மேடம்?"

"செத்துப்போச்சுன்னு நெறையப் பேரு கையெழுத்துப் போட்டுட்டாங்க. ஆனா இன்னைக்கு உலகத்துல அதைப் பத்தி நடக்கற ஆராய்ச்சி கொஞ்சநஞ்சமில்ல. இவங்க பேச்சுக்கும் ஒரு நியாயம் உண்டுங்க அக்கா. வாய்க்கு வந்ததையெல்லாம் ஆழம்னு சொல்லி ஏமாத்தினவங்க இருந்தாங்க. அவங்கள வெரட்டப் போயி, நெசமான கேள்வியையும் சேத்து வெரட்டிட்டாங்க."

எம்.ஏ. முடிந்த கையோடு நிலோஃபர் ராசாத்தாளிடமே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். 'மூளைச்சாவும் மனித இருப்பும்' என்பது தலைப்பு. தமிழில்தான் எழுதுவேன் என்றாள். இரண்டு அத்தியாயம் சட்டம், மருத்துவம் என்று ஒழுங்காகப் போனது. மூன்றாவது அத்தியாயம் அவளுடைய சொந்தச் சரக்கு.

அவள் வருஷக்கணக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே, அந்த நீல நாற்காலிகளில், ஜனங்கள் பேசுவதைக் கேட்டவள். கவனித்துப் பார்த்தால் அவர்கள் இரண்டு சொல்லை வைத்துப் பேசினார்கள். ஒன்று உசுரு, இன்னொன்று ஆளு. பொள்ளாச்சி அம்மா ஒருத்தி, "உசுரு கெடக்குதுங்க, எம்புள்ளதான் இல்ல" என்றாள். போத்தனூர் வியாபாரி ஒருவர் அண்ணனைப் பார்த்துவிட்டு வந்து, "ஆளு போயாச்சு, உசுரு இழுத்துக்கிட்டிருக்கு" என்றார். நேர்மாறாகச் சொன்னவர்களும் உண்டு. "ஆளு உள்ளதான் இருக்காரு, உசுருதான் ஒத்துழைக்க மாட்டேங்குது" என்றார் ஒரு மாமியார். படித்தவர், படிக்காதவர், கோயிலுக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர் எல்லோரும் உடம்பில் ஓடுகிற உயிரையும், அந்த உயிருக்கு உரியவரையும் பிரித்தே பேசினார்கள். மருத்துவமனை அறநெறிக் குழுவிடம் அனுமதி வாங்கி, குடும்பங்களிடமும் கேட்டுக்கொண்டு, நாலு வருஷம் இந்தப் பேச்சுகளைக் குறித்து வைத்தாள். இந்தப் பிரிவினை வெறும் பேச்சு வழக்கமா, அல்லது மனிதன் என்பவன் உள்ளபடியே அப்படித்தானா என்பதுதான் மூன்றாம் அத்தியாயம்.

தம்பிதுரையின் கேள்வி இல்லாமல் அதை எழுத முடியாது. அனுமதி கேட்க 2022-ல் பல்லடம், காங்கேயம் வழியாகப் பஸ் பிடித்து வெள்ளகோவில் போனாள். தம்பிதுரை முருங்கைக்காட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார். அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"வாங்க அம்மணி. மீதி கெடைச்சுதுங்களா?"

"தேடிட்டே இருக்கேனுங்க. எழுதிட்டிருக்கேன். உங்ககிட்டக் கேக்காம எழுதக் கூடாதுன்னு வந்தேன்."

எழுதிக் கொண்டுவந்த நாலு பக்கத்தைக் கல்லூரியில் படிக்கிற மகள் கனிஷ்கா சத்தமாக வாசித்தாள். தம்பிதுரை குறுக்கே பேசாமல் கேட்டார். 'நோயாளி அ' என்று வந்த இடத்தில் கையை உயர்த்தினார்.

"அது ஆருங்க?"

"புவனாங்க. ஆராய்ச்சியில பேரு போடக் கூடாதுன்னு சட்டம்."

"பேரு வேண்டாமுங்க, செரி. ஆனா 'அ'-ங்காதீங்க. அவ இருந்தாளா இல்லையாங்கறதுதான பேச்சே. 'அ'-ன்னு போட்டா, மொதல்லயே இல்லைன்னு சொல்லிப்போட்ட மாதிரி இருக்குது."

நிலோஃபர் பேனாவை எடுத்து, அங்கேயே அடித்துவிட்டு, 'முருங்கைத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெண்மணி' என்று எழுதினாள். ஆய்வு முழுக்க எந்த மனிதருக்கும் எழுத்து போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள். திரும்பும்போது கனிஷ்கா பஸ் நிறுத்தம்வரை வந்து, "அக்கா, அம்மாவைப் பத்தி அப்பா இத்தனை நேரம் உக்காந்து கேட்டது இப்பத்தான்" என்றாள்.

ஆய்வேட்டைக் கொடுத்து ஆறு மாதம் கழித்து மதிப்பீட்டாளர்களின் கருத்து வந்தது. ஒருவர் பாராட்டியிருந்தார். இன்னொருவர், வெளியூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிருபாசங்கர், மூன்று வரியில் முடித்திருந்தார். 'முதல் இரண்டும் கடைசி இரண்டும் சிறப்பானவை. மூன்றாம் அத்தியாயம் மெய்ப்பொருளியல். இன்றைய தத்துவத்தில் அதற்கு இடமில்லை. நீக்கிவிடுவது நலம்.'

ராசாத்தாள் கவலைப்பட்டாள். "வாய்மொழித் தேர்வுக்கு அவருதான் வராரு அக்கா. அந்த அத்தியாயத்தைத் தனிப் புத்தகமாப் போட்டுக்கலாம். பட்டம் கையில வந்துரட்டும்."

நிலோஃபர் இரண்டு நாள் யோசித்தாள். ஆசிப்பிடம்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ராசாத்தாளைப் போனில் கூப்பிட்டாள். "மேடம், அதை எடுத்துட்டா நான் 2017-ல சொன்ன அதே வாக்கியத்தை இருநூறு பக்கத்துல சொன்ன மாதிரி ஆயிரும். அவரு வரட்டும். நேருல பேசிக்கறேன்."

"செரிங்க அக்கா. அப்ப நல்லாத் தயார் பண்ணிக்குவோம்" என்றாள் ராசாத்தாள்.

2025 பிப்ரவரியில் ஒரு காலை பதினொரு மணிக்குக் கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். ரசாக் சலவைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆசிப் பட்டறைக்கு லீவு விட்டிருந்தான். வேலை முடிந்து சீருடையோடு நாலு நர்சுகள் நேராக வந்திருந்தார்கள்.

கிருபாசங்கர் அறுபதை நெருங்கியவர். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தாமல் வெட்டுவார்.

"உங்கள் உழைப்பை மதிக்கிறேன் அம்மா. ஆனால் நேராகக் கேட்கிறேன். மூளை என்ன செய்கிறது என்பதை மருத்துவம் சொல்கிறது. எதை இறப்பு என்று கொள்வது என்பதைச் சட்டம் முடிவு செய்கிறது. குடும்பத்துக்கு ஆறுதல் சொல்ல மனநலம் படித்தவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவும் போக மெய்ப்பொருளியலுக்கு என்ன வேலை மிச்சம்?"

"சட்டம் முடிவு செய்யுதுன்னு சொன்னீங்கய்யா. நம்ம சட்டப்படி மூளைத்தண்டு நிரந்தரமா நின்னுட்டா இறப்பு. வேற சில நாட்டுல முழு மூளையும் நின்னாத்தான் இறப்பு. இங்க இறந்தவர்னு கையெழுத்தான ஒருத்தரை அப்படியே விமானத்துல அங்க கொண்டுபோறோம்னு வெச்சுக்குங்க. நடுக்கடல்ல அவரு மறுபடி இருக்க ஆரம்பிச்சுருவாருங்களா?"

பின்வரிசையில் மாணவர்கள் சிரித்தார்கள். கிருபாசங்கர் சிரிக்கவில்லை.

"இல்லை. இரண்டு நாடும் இரண்டு இடத்தில் கோடு போடுகின்றன, அவ்வளவுதான்."

"ரெண்டுல ஒரு கோடு தப்பா இருக்கலாமுங்களா?"

"தப்பு என்று ஏன் சொல்ல வேண்டும்? அந்தி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நொடியில் பகல் முடிந்து இரவு தொடங்குகிறது? அப்படி ஒரு நொடி கிடையாது. நம் வசதிக்கு ஒரு மணியை வைத்துக்கொள்கிறோம். இறப்பும் அப்படித்தான். தேடிக் கண்டுபிடிக்க அங்கே எதுவும் இல்லை."

ராசாத்தாள் மேசைமேல் விரல்களைக் கோத்துக்கொண்டாள். இது ஆய்வேட்டில் இல்லாத கேள்வி. நல்ல கேள்வி என்று நிலோஃபருக்கே தெரிந்தது. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லா இயந்திரமும் ஒரே நேரத்தில் கத்தும்போது அவளுக்கு வருகிற அந்த நிதானம் வந்தது.

"அய்யா சொல்றது சரியாக்கூட இருக்கலாமுங்க. ஆனா இறப்பு அந்தி மாதிரின்னு எந்தச் சோதனைக்கூடத்துல கண்டுபிடிச்சாங்க? எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? இறப்புங்கறது உண்மையில எப்படிப்பட்டதுன்னு நீங்க யோசிச்சுச் சொல்றீங்க. அதுக்குப் பேருதானுங்க மெய்ப்பொருளியல். நான் ஒரு விடை சொல்லியிருக்கேன், நீங்க அதுக்கு எதிரா ஒரு விடை சொல்றீங்க. வாங்கய்யா, விவாதிப்போம். ஆனா இடமே இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. நாம ரெண்டு பேரும் இப்ப அந்த எடத்துலதான் உக்காந்திருக்கோம்."

கிருபாசங்கர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எதிர்பார்த்த மாதிரி கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"சரி. உங்கள் விடைதான் என்ன? ஜனங்கள் உசுரு, ஆளு என்று இரண்டு சொல் வைத்திருக்கிறார்கள் என்பதால் உலகத்தில் இரண்டு பொருள் இருந்துவிடுமா?"

"இருந்துறாதுங்க. சொல்லு சாட்சி மட்டும்தான், தீர்ப்பில்ல. ஒரே வார்டுல ஒரே மாதிரி நோயாளியப் பாத்து ஒருத்தர் ஆளு போச்சுன்னாரு, ஒருத்தர் ஆளு இருக்குன்னாரு. அதையும் எழுதியிருக்கேன். என் முடிவு இது. முருங்கைத் தோட்டம் வெச்சிருந்த அந்த அம்மாவோட உடம்புல உயிரோட வேலை ஓடிட்டுத்தான் இருந்துச்சு. அவங்க கையில இருந்த சூடு பொய்யில்ல. ஆனா அந்த வேலையெல்லாத்தையும் தன்னோடதுன்னு ஒண்ணாப் புடிச்சு வெச்சிருந்த ஒருத்தர், நினைக்கவும் வலி உணரவும் மூச்சு இழுக்கவும் இனிமே எந்த வழியும் இல்லாமப் போனப்ப, இல்லாமப் போயிட்டாங்க. நான் அப்படித்தான் நெனைக்கறேன். இது தப்பா இருக்கலாம்னு இருநூத்திப் பதினோராம் பக்கத்துல நானே சொல்லியிருக்கேன். தப்பா இருக்கலாம்னா, சரின்னு ஒண்ணு இருக்கோணுமல்லங்களா?"

"இதை அந்தக் கணவரிடம் சொன்னீர்களா?"

"சொன்னேனுங்க. இந்த அத்தியாயத்தை முடிச்சதும் போன்ல படிச்சுக் காட்டினேன். முழுசா ஒத்துக்கலைன்னாரு. ஆனா கேட்டதுக்குப் பதில் வந்துருச்சுன்னாரு."

கிருபாசங்கர் தன் குறிப்பேட்டில் எதையோ அடித்தார், எதையோ எழுதினார். பார்வையாளர்களும் கேள்வி கேட்கலாம் என்று ராசாத்தாள் அறிவித்தவுடன் முதல் வரிசையிலிருந்து ரசாக் எழுந்தார். ஆசிப் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

"அய்யா, வணக்கமுங்க. நான் பொண்ணோட அத்தா. நீங்க ரெண்டு பேரும் பேசினதுல எனக்குப் பாதி புரிஞ்சுதுங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த மூணாவது அத்தியாயம், அது இருக்கலாமுங்களா?"

கூடமே சிரித்தது. கிருபாசங்கரும் இந்தத் தடவை சிரித்தார்.

"இருக்கட்டும் அய்யா. ஒரே ஒரு திருத்தம். நான் சொன்ன அந்தி வாதத்தையும் உங்கள் மகள் அதற்குச் சொன்ன பதிலையும் அந்த அத்தியாயத்தில் சேர்க்க வேண்டும். எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் என் அறிக்கையில் இடமில்லை என்று எழுதியது தவறு. அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." பிறகு எழுந்து நின்று, நிலோஃபருக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாகப் படித்தார். நர்சுகள் தட்டிய கைதட்டலில் வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

நிலோஃபர் அழுவாள் என்று ஆசிப் கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தான். அவள் அழவில்லை. தலை நிமிர்ந்து, நேராக நின்று, ஒவ்வொருவர் வாழ்த்தையும் வாங்கிக்கொண்டாள். தனக்கு அது தகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ஆசிப்தான் அந்தக் கைக்குட்டையை உபயோகித்தான்.

மருத்துவமனையில் இப்போது 'மருத்துவப்படி' என்ற சொல்லை அவள் சொல்வதில்லை; புதிதாக வருகிறவர்களுக்கும் அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. டாக்டர்களும் சட்டமும் இதை இறப்பு என்று சொல்கிறார்கள், அதில் மாற்றமில்லை என்பதைத் தெளிவாகச் சொல்வாள். திரும்பி வராதது எது என்று சொல்வாள். பிறகு, அவர்களாகக் கேட்டால் மட்டும், தான் யோசித்து வந்த முடிவைச் சொல்வாள். வேறு மாதிரி நினைக்கவும் இடமுண்டு என்பாள். தானம் தருகிறவர்கள் தருகிறார்கள், மறுக்கிறவர்கள் மறுக்கிறார்கள். ஆனால் கேட்டவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு இப்போது தயக்கமில்லை. போன மாதம் நாலு மாவட்டத்து ஒருங்கிணைப்பாளர்கள் அவளிடம் ஒரு நாள் வகுப்புக்கு வந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தாள்.

பட்டம் வாங்கிய வாரம் கோட்டைமேட்டில் ரசாக் தன் கடைக்கு எதிரே ஒரு பிளெக்ஸ் கட்டினார். 'எங்கள் வீதியின் பெருமை டாக்டர் நிலோஃபர்' என்று எட்டடிக்கு ஆறடி. ஞாயிற்றுக்கிழமை அவள் அத்தாவைப் பார்க்க வந்தபோது கடை வாசலில் ஆள்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒரு அம்மாவுக்கு மயக்கம், சுந்தரராஜுலு என்ற பக்கத்துத் தெரு தையல்காரருக்கு நாலு நாளாகத் தூக்கமில்லை.

"நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்று சொல்லிப் பார்த்தாள். யாரும் நகரவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய் ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்துவந்து, வாளிகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராகப் பார்த்தாள். மயக்கம் என்ற அம்மாவை உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள்.

சுந்தரராஜுலு கருவியின் பட்டையிலிருந்து கையை விடுவித்துக்கொண்டே ரசாக்கிடம் கேட்டார். "ஏனுங்க பாய், அப்ப பாப்பா எதுக்கு டாக்டருங்க?"

ரசாக் இந்தக் கேள்விக்காகவே பிளெக்ஸ் கட்டிய நாளிலிருந்து காத்திருந்தவர் போல எழுந்தார்.

"எது நெசமா இருக்குது, எது இல்லைங்கறத விசாரிக்கற டாக்டருங்க."

"அதுக்கெல்லாம் இந்தக் காலத்துல டாக்டரு இருக்காங்களாங்க?"

"இருக்காங்க. எங்க ஊட்டுல ஒருத்தி இருக்கறாளுங்க" என்றார் ரசாக்.